முதல் லேப்டாப் லட்சணமாகவே இருக்கட்டும்

கேள்வி இது. திருவையாற்றில் இருக்கும் என் அத்தைக்கு 61 வயது. தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். போன் பழக்கம் உண்டு, கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. தேவாரப் பாடல் பெற்ற காவிரி வடகரைச் சிவத்தலங்களைப் பற்றிப் பல வருஷமாக நோட்டில் எழுதி வைத்திருப்பதையெல்லாம் டைப் செய்து வைக்க ஆசைப்படுகிறார். சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு பெரிய திரையில் பேசவும் வேண்டும். “பாக்க லட்சணமா, மெலிசா ஒண்ணு வாங்கிக் குடு” என்கிறார். வீட்டில் மற்றவர்களோ “கத்துக்கப் போறவங்களுக்கு அழகு எதுக்கு, பழசு ஒண்ணு போதும்” என்கிறார்கள். 55,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். எதை வாங்குவது?

நான் அத்தை பக்கம். மயிலாடுதுறையில் பதினைந்து வருஷமாகப் புதியவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் ஐம்பது தாண்டியவர்கள். அவர்கள் கற்றுக்கொள்வதும் பாதியில் நின்றுவிடுவதும் பெரும்பாலும் ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்துத்தான் அமைகிறது: வீட்டுக்குப் போனபிறகு அந்தப் பெட்டியைத் தினமும் திறக்கிறார்களா என்பது. பிடித்த பொருளைத்தான் மனிதர்கள் தினமும் எடுப்பார்கள். 2014இல் என் அம்மாவுக்கு நானே பார்த்து ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கனமான, கறுத்த, பெரிய பெட்டி. அந்த விலைக்கு உள்ளே இருந்ததெல்லாம் நல்ல சரக்குதான். அம்மா அதைப் பீரோ மேல் வைத்து, தூசி படாமல் துண்டு போட்டு மூடினார். ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, “அது உன் சாமான் மாதிரி இருக்குடா” என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு விளங்கிவிட்டது. ஆகவே லட்சணமாக வேண்டும் என்று உங்கள் அத்தை கேட்பதை ஆடம்பரம் என்று ஒதுக்காதீர்கள். அது தன்னுடையதாக இருக்க வேண்டும் என்கிறார்.

ஆனால் அழகை எங்கே பார்ப்பது என்பதில் கடைக்காரர் காட்டும் இடம் வேறு, நாம் பார்க்க வேண்டிய இடம் வேறு. கடையில் லேப்டாப்பை மூடிவைத்து மேல்மூடியைத்தான் காட்டுவார்கள். மேல்மூடி எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படுவது. அத்தை தினமும் பார்க்கப்போவது திரையையும் கீபோர்டையும். திருபுவனத்துப் பட்டு எடுக்கப் போனால் அவர் முந்தியை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுவாரா? புரட்டிப் பின்பக்கம் பார்ப்பார், கையில் ஏந்திக் கனம் பார்ப்பார், கரையை விரலால் நீவிப் பார்ப்பார். அதே கண்ணோடு லேப்டாப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு இருக்கும் அந்தப் பார்வை நமக்குக்கூட இருக்காது.

திரையிலிருந்து தொடங்குகிறேன். பணத்தில் பெரும்பகுதி அங்கேதான் போக வேண்டும். மலிவான லேப்டாப்பில் திரையின் நுணுக்கம் 1366க்கு 768 புள்ளி. மொத்தம் சுமார் 10 லட்சம் புள்ளிகள். ஃபுல் எச்டி என்கிற 1920க்கு 1080இல் 20 லட்சத்துக்கு மேல். இங்கிலீஷ் எழுத்துக்கு முதலாவது போதும் என்று சமாளிக்கலாம். தமிழுக்குப் போதாது. ண-வுக்கு மூன்று சுழி, ன-வுக்கு இரண்டு சுழி. புள்ளி குறைந்த திரையில் சின்ன எழுத்தில் இந்தச் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எது றன்னகரம் எது டண்ணகரம் என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும். வாழ்நாள் முழுக்க ஒற்றுப்பிழை திருத்திய ஒரு தமிழாசிரியைக்கு இதைவிடக் கண்வலி வேறில்லை. எனவே ஃபுல் எச்டிக்குக் கீழே வேண்டாம். 1920க்கு 1200 என்று இருந்தால் இன்னும் நல்லது. உயரம் கொஞ்சம் கூடுவதால் பக்கத்தில் இரண்டு மூன்று வரி அதிகம் தெரியும். எழுதுகிறவர்களுக்கு அகலத்தைவிட உயரம்தான் உதவும்.

அடுத்து, திரை எந்த வகை என்று கேளுங்கள். ஐபிஎஸ் வேண்டும், டிஎன் வேண்டாம். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் நீங்களே கண்டுபிடிக்கலாம். திரையைப் பின்னால் நன்றாகச் சாய்த்துப் பாருங்கள். நிறம் வெளிறி, கறுப்பு சாம்பலாக மாறினால் டிஎன். அப்படியே நின்றால் ஐபிஎஸ். நிறத்தையும் சோதித்துவிடுங்கள். குடும்பத்துப் படம் ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுபோய்த் திறந்து பாருங்கள். மலிவுத் திரையில் குங்குமம் செங்கல் நிறமாகத் தெரியும். திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கு என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்று அளவுகோல்கள் உண்டு. விவரப் பட்டியலில் 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று போட்டிருப்பது அந்த மலிவு வகை. 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று இருந்தால் சிவப்பு சிவப்பாக இருக்கும். சிங்கப்பூரில் இருக்கும் மகன் முகத்தைப் பார்க்கத்தானே பெரிய திரை கேட்கிறார், அந்த முகம் உயிரோடு தெரியட்டும்.

வெளிச்சம் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பக்கத்து வீடுகளில் மனிதர்கள் உட்காருவது திண்ணையில், முற்றத்து ஓரத்தில், வாசல் நடையில். பளபளவென்று கண்ணாடி மாதிரி இருக்கும் திரை கடையின் ஏசி அறையில் மயக்கும். முற்றத்து வெளிச்சத்தில் அத்தை முகமே அதில் தெரியும். மங்கலான பூச்சு உள்ள திரைதான் வேண்டும். வெளிச்சத்தின் அளவை நிட்ஸ் என்பார்கள். விலை குறைந்தவற்றில் 250 இருக்கும், 300 அல்லது அதற்கு மேல் இருந்தால் பகலில் நிம்மதி. புள்ளி ஒவ்வொன்றும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை இந்த விலையில் சில சமயம் தள்ளுபடியில் அகப்படும். நிறம் அற்புதமாக இருக்கும், மறுக்க முடியாது. ஆனால் அது பெரும்பாலும் பளபளப்புத் திரையாகவே வருகிறது. வெளிச்சத்தைக் குறைத்து வைக்கும்போது அது மெல்லத் துடிப்பதால் சிலருக்குக் கண் களைத்துப்போகும். மணிக்கணக்கில் எழுதப் போகிறவருக்கு நான் ஐபிஎஸ்தான் சொல்வேன்.

அளவு 14 அங்குலம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. 15.6 அங்குலப் பெட்டி சுமார் 1.6, 1.7 கிலோ வரும். 14 அங்குலம் 1.4 கிலோவுக்கு அருகே. படிக்க இந்த 300 கிராம் அற்பமாகத் தெரியும், மடியில் வைத்துப் பார்த்தால் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. 15.6 அங்குலத்தில் வலப்பக்கம் எண் விசைகள் தனிப் பட்டியாக இருக்கும். அதனால் எழுத்து விசைகளும் டச்பேடும் இடப்பக்கம் தள்ளிப்போய், உடம்பைக் கொஞ்சம் திருப்பி உட்கார வேண்டும். அந்தப் பட்டியில் எண் விசைகளை இயக்கவும் நிறுத்தவும் உள்ள நம்லாக் விசை தெரியாமல் அழுந்திவிட்டால், எண்ணுக்குப் பதில் கர்சர் அங்கும் இங்கும் ஓடும். புதியவர்கள் மிஷின் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்துவிடுவார்கள். எனக்கு வந்த பதற்றமான போன்களில் பல இதற்காகத்தான் வந்திருக்கின்றன.

கீபோர்டுக்கு வருவோம். அழகு கண்ணை மறைக்கும் இடம் இது. வெள்ளி நிற உடம்பு, வெள்ளி நிற விசைகள், அதில் வெள்ளை வெளிச்சம் எரியும் எழுத்துகள்: பார்க்க நகை மாதிரி இருக்கும். பகல் வெளிச்சத்தில் அந்த விளக்கு எரியும்போது எழுத்தும் விசையும் ஒரே நிறமாகி, எழுத்து மறைந்துவிடும். எந்த எழுத்து எங்கே என்று இன்னும் மனப்பாடம் ஆகாதவருக்கு இது பெரிய இடைஞ்சல். உடம்பு வெள்ளியாகவோ இளநீலமாகவோ இருக்கட்டும், விசைகள் கறுப்பாகவோ அடர்சாம்பலாகவோ இருந்து எழுத்து வெள்ளையாகப் பளிச்சென்று தெரிய வேண்டும். உடம்பு முழுக்கக் கறுப்பாக, வழவழப்பாக இருப்பதை மட்டும் தவிர்க்கலாம். கைரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒரே வாரத்தில் படிந்துவிடும்.

பவர் பட்டன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மெலிசான மாடல்கள் பலவற்றில் அதை விசைகளோடு விசையாக மேல் வலது மூலையில், டெலீட் விசைக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். அழிக்கப் போய் அணைத்துவிடுவார்கள். தனியாக ஒதுங்கி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், அதை அழுத்தினால் எதுவும் நடக்காதபடி விண்டோஸில் மாற்றிவிடலாம். வாங்கிய அன்றே அதைச் செய்து கொடுத்துவிடுங்கள்.

தமிழில் தட்டுவது எப்படி என்பது உங்கள் அத்தைக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். போனில் அவர் ‘அம்மா’ என்பதை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி வரவழைத்துப் பழகியிருக்கக்கூடும். விண்டோஸிலும் அந்த ஒலிபெயர்ப்பு முறை இருக்கிறது. ஆனால் நாள்கணக்கில் தமிழ் எழுதப் போகிறவர், அதுவும் தமிழாசிரியை, தமிழ்99 கற்றுக்கொள்வதே நல்லது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. உயிரெழுத்து பன்னிரண்டும் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். க-வைத் தட்டி ஆ-வைத் தட்டினால் கா. க-வைத் தட்டிப் புள்ளியைத் தட்டினால் க். இலக்கணம் படித்தவருக்கு இது புதிதாகவே தோன்றாது. மனசில் தமிழை நினைத்து, அதை இங்கிலீஷ் எழுத்தாக மாற்றி, மறுபடி தமிழாக வாங்குகிற சுற்றுவழி இதில் இல்லை. என் வகுப்பில் இங்கிலீஷ் கீபோர்டே பழகாதவர்கள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். பழைய பழக்கத்தை மறக்க வேண்டிய வேலை அவர்களுக்கு இல்லை. விண்டோஸ் 11இல் இது கூடவே வருகிறது. அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, தமிழ் 99ஐத் தேர்ந்தெடுத்தால் போதும். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸைத் தட்டினால் தமிழும் இங்கிலீஷும் மாறி மாறி வரும். விசைப்பலகைப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து அட்டையில் ஒட்டிப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

மூடியைத் திறக்கும் விதத்திலும் லட்சணம் இருக்கிறது. ஒரு விரலால் மூடியைத் தூக்கச் சொல்லுங்கள். அடிப்பாகம் கூடவே எழும்பாமல், மூடி மட்டும் சீராக எழுந்து விட்ட இடத்தில் நின்றால் கீல் நன்றாக இருக்கிறது. நாச்சியார்கோயில் குத்துவிளக்கின் அடித்தட்டுக்குக் கனம் வைப்பது போலத்தான். அடி நிலையாக நின்றால்தான் மேலே உள்ளது ஆடாது. திறந்தபிறகு கீபோர்டின் நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளமாக அமுங்கினால் அந்த உடம்பு பலமில்லை. மெலிசாகச் செய்கிறோம் என்று பிளாஸ்டிக்கைத் தகடு மாதிரி ஆக்கிய மாடல்களில் முதலில் விட்டுப்போவது கீல் இருக்கும் மூலைதான்.

மெலிசு என்ற மோகத்தை 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் தொடங்கி வைத்தார் என்று சொல்லலாம். மேக்புக் ஏரை ஒரு காகித உறைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். அன்றிலிருந்து எல்லா நிறுவனங்களும் மெலிசை நோக்கி ஓடின. மெலிசில் எனக்கு விரோதம் இல்லை. ஆனால் அதற்காக எதை வெட்டியிருக்கிறார்கள் என்று பக்கவாட்டில் பாருங்கள். சாதாரண யுஎஸ்பி துளை குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்: ஒன்று மவுஸுக்கு, ஒன்று பென்டிரைவுக்கு. ஜெராக்ஸ் கடைக்குப் பென்டிரைவில்தான் கொண்டுபோகப் போகிறார். டிவியில் இணைக்க எச்டிஎம்ஐ துளை ஒன்று. சார்ஜ் ஏறுவது யுஎஸ்பி-சி வழியாக இருந்தால் அதற்குத் தனி மதிப்பெண் போடுங்கள். கேபிள் போனால் எந்தக் கடையிலும் வாங்கலாம்.

உலோக உடம்பு வாங்குவதானால் நம் ஊர் வீடுகளைப் பொறுத்த ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சார்ஜர் மாட்டியிருக்கும்போது உலோக லேப்டாப்பைத் தொட்டால் சிலருக்குச் சுர்ரென்று மெல்லிய அதிர்வு தெரியும். சார்ஜருக்குள் இருக்கும் வடிகட்டி மிகச் சிறிய மின்சாரத்தைக் கசியவிடுகிறது. எர்த் சரியாக இருந்தால் அது பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் உடம்பிலேயே நின்று, கை பட்டதும் உணரவைக்கும். சாதாரணமாக ஆபத்து இல்லை என்றாலும், முதல் வாரத்திலேயே இப்படி ஒரு தடவை பட்டால் புதியவர் அப்புறம் அதைத் தொடவே பயப்படுவார். பழைய ஓட்டு வீடுகள் பலவற்றில் மூன்று துளை பிளக் பாயின்ட் இருக்கும், மேலே உள்ள பெரிய துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கரியும் உப்பும் போட்ட பழைய எர்த் குழி இருந்தால் சித்திரை வைகாசியில் தண்ணீர் ஊற்ற வேண்டும், மண் காய்ந்தால் அது வேலை செய்யாது. சார்ஜரும் மூன்று முள் உள்ளதாக இருக்கட்டும். எர்த்துக்கு வழியே இல்லை என்றால் மூடி மட்டும் உலோகமாகவும், கை படும் இடம் பிளாஸ்டிக்காகவும் உள்ள மாடலை எடுங்கள். அப்படிப்பட்டவை நிறைய இருக்கின்றன.

உள்ளே இருப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அத்தையின் வேலைக்கு அங்கே பெரிய பலம் தேவையில்லை. மெமரி 16 ஜிபி இருந்தால் பல வருஷம் கவலையில்லை. 8 ஜிபி என்றால், பிறகு கூட்ட இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். மெலிசானவற்றில் பலவற்றை போர்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள், கூட்டவே முடியாது. சேமிப்பு 512 ஜிபி எஸ்எஸ்டி. அதைவிட மெதுவான, மலிவான சேமிப்பு வகையான இஎம்எம்சி என்று போட்டிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். புராசசரில் இன்டெல் ஐ3 அல்லது ஐ5இன் 12, 13ஆம் தலைமுறை போதும். ரைசன் என்றால் எண்ணை ஊன்றிப் படியுங்கள். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு இரண்டும் பெயரில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அந்த மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பு எந்தக் காலத்தது என்று சொல்கிறது. 2 என்றால் பழையது, நான்கு கோர், அதாவது வேலை செய்யும் பகுதிகள் நான்கு. 3 என்றால் அதற்கு அடுத்தது, ஆறு கோர். பெயர்ப் பட்டையில் ரைசன் 5 என்று மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

பேட்டரியை வாட்-மணி கணக்கில் கேளுங்கள், “பத்து மணி நேரம் நிக்கும்” என்பதை நம்ப வேண்டாம். 42 வாட்-மணி என்பது குறைந்த வகை, 50க்கு மேல் நல்லது. எழுதுவது, படிப்பது மாதிரியான வேலைக்கு மணிக்கு ஏழெட்டு வாட்-மணி செலவாகும் என்று வைத்துக்கொண்டால் 50 வாட்-மணியில் ஆறு மணி நேரம் ஓடும். டெல்டாவில் இருப்பவர்களுக்கு இது வெறும் வசதி இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது நாகை, திருவாரூர், தஞ்சைப் பகுதிகளில் தென்னையும் மின்கம்பமும் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது வெளியே தகவல் சொல்ல லேப்டாப்பிலிருந்துதான் போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டோம். இன்றைக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி தருகின்றன. எப்போதும் பிளக்கிலேயே இருக்கும் பேட்டரி அதனால் நீண்ட நாள் உழைக்கும். புயல் காலமான ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் அந்த வசதியை நிறுத்திவிட்டு முழுதாக ஏற்றி வையுங்கள்.

லோ வோல்டேஜுக்காக ஸ்டெபிலைசர் வாங்கத் தேவையில்லை. லேப்டாப் சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை எதிலும் ஓடும்படி செய்யப்பட்டவை. இடி மின்னல்தான் கவலை. வானம் இருட்டினால் சார்ஜரைச் சுவிட்சை அணைப்பதோடு விடாமல் பிளக்கிலிருந்தே உருவிவிட வேண்டும்.

தூசியும் எறும்பும் நம் பக்கத்துக்கே உரிய தொல்லைகள். தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது வைக்கோல் தூசி வீட்டுக்குள் வரும். சாலையிலேயே நெல் காயும் ஊர்களில் சொல்லவே வேண்டாம். லேப்டாப்பின் அடியில் உள்ள துளைகள் வழியாகத்தான் ஃபேன் காற்றை இழுக்கிறது. மெத்தை மேலும் தலையணை மேலும் வைத்தால் துளை அடைபட்டுச் சூடாகும். பலகை ஒன்றின் மேல் வைத்தே பயன்படுத்தட்டும். மழைக்காலத்தில் எறும்பு ஈரமில்லாத, கதகதப்பான இடம் தேடும். கீபோர்டு இடுக்கில் முறுக்குத் தூள் இருந்தால் அதற்கு விருந்துதான். பட்டுத்துணி போட்டு மூடினாலும் அது வந்துவிடும். தரையில் வைக்காமல் மேசையில் வைப்பதும், பக்கத்தில் காபி டம்ளர் வைக்காததும்தான் வழி. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் சேரும். திருவையாற்றுக்கு அந்தப் பயம் இல்லை.

வீட்டில் சொல்லும் “பழசு போதும்” என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். 2011இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தால் டெல்டாவில் எத்தனையோ வீடுகளில் முதல் முறையாகக் கம்ப்யூட்டர் நுழைந்தது. என் மாணவர்கள் பலர் அதில்தான் படித்து மேலே வந்தார்கள், அந்தப் பெட்டிகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தக் காலத்துப் பெட்டியில் இன்றைக்குப் புதியவர் ஒருவர் கற்றுக்கொள்வது கஷ்டம். ஒரு பக்கம் திறக்கவே ஒரு நிமிஷம் ஆனால், தான் அழுத்தியது தப்போ என்று மறுபடி மறுபடி அழுத்துவார், எல்லாம் குழம்பும். போதாததற்கு விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய பெட்டிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்ளாது. பாதுகாப்புத் திருத்தம் வராத பெட்டியில், பென்ஷன் கணக்கு பார்க்கிற ஒருவரை உட்காரவைக்க எனக்கு மனசு வராது.

மேக்புக் ஏர் அழகில் முதல். ஃபேன் இல்லை, சத்தம் இல்லை, வைக்கோல் தூசியை உள்ளே இழுக்காது. ஆனால் எம்4 மாடல் 2025 மார்ச்சில் வந்தபோதே 99,900 ரூபாய், உங்கள் கணக்குக்கு வெளியே. மகன் அங்கிருந்து வாங்கி வந்தாலும், ஏதாவது சந்தேகம் வந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு விண்டோஸ்தான் தெரிந்திருக்கும். ஆரம்பத்தில் உதவிக்கு ஆள் இருப்பது பெரிய விஷயம். குரோம்புக் எளிது, ஆனால் பெரும்பாலும் இன்டர்நெட்டை நம்பி ஓடும். நெட் நின்றால் எழுத்தும் நிற்கிற உணர்வு வரும். விண்டோஸ்தான் என் யோசனை.

எந்த மாடல் என்று பெயர் சொல்லுங்கள் என்பீர்கள். லெனோவோ ஐடியாபேட் ஸ்லிம், ஏசுஸ் விவோபுக் 14, எச்பி பெவிலியன், ஏசர் ஸ்விஃப்ட் ஆகிய வரிசைகளில் 14 அங்குலம் பாருங்கள், அதில் உங்கள் தொகைக்கு அமைவது கிடைக்கும். ஆனால் வரிசைப் பெயர் வெறும் குடும்பப் பெயர் மாதிரி. ஒரே பெயரில் நல்ல திரை உள்ளதும் வெளிறிய திரை உள்ளதும் இருக்கும். பெயருக்குப் பின்னால் வரும் நீளமான மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை குறித்துக்கொண்டு, நிறுவனத்தின் தளத்தில் அந்த எண்ணுக்கு உரிய திரை விவரத்தைப் பார்த்தபிறகே பணம் கொடுங்கள்.

வாங்குவதற்கு முன் அத்தையையே தஞ்சாவூருக்கு அழைத்துப் போங்கள். பதிமூன்று கிலோமீட்டர்தானே. நீங்கள் தேர்ந்தெடுத்துப் பட்டியல் போட்டு வைத்த இரண்டு மூன்றில், நிறமும் உருவமும் அவரே சொல்லட்டும். நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துப் பார்க்கட்டும். ஆன்லைனில் விலை குறைவாக இருந்தாலும் பார்ப்பது நேரில்தான் நடக்க வேண்டும். சர்வீஸ் பற்றிக் கேட்கும்போது “எல்லா ஊருக்கும் வருவோம்” என்ற பதிலோடு நிற்காதீர்கள். திருவையாற்று பின்கோடைச் சொல்லி, வீட்டுக்கே ஆள் வருவாரா, தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ தூக்கிப்போக வேண்டுமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கீழே விழுந்தாலும் தண்ணீர் பட்டாலும் சரிசெய்து தரும் கூடுதல் வாரன்ட்டிக்கு, முதல் லேப்டாப் என்பதால், பணம் கொடுக்கலாம். விண்டோஸ் எஸ் மோடில் இருந்தால் ஸ்டோரில் இருப்பதை மட்டுமே நிறுவ முடியும். காசில்லாமல் அதிலிருந்து வெளியே வரலாம், அதைக் கடையிலேயே மாற்றிவிடுங்கள். ஆஃபீஸ் மென்பொருள் நிரந்தரமா, ஒரு வருஷத்துக்கு மட்டுமா என்று கேளுங்கள். ஒரு வருஷம்தான் என்றால் இலவசமான லிப்ரே ஆஃபீஸ் அத்தையின் வேலைக்குத் தாராளமாகப் போதும். சில நூறு ரூபாய்க்கு ஒயர் வைத்த மவுஸ் ஒன்றும் வாங்குங்கள். டச்பேடில் இரண்டு தட்டு தட்டுவது அறுபது வயது விரலுக்குச் சட்டென்று வராது.

வீட்டுக்கு வந்ததும் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒரு மாலை நேரம் பிடிக்கும். விண்டோஸ் கேட்கும் மைக்ரோசாஃப்ட் கணக்கை அவர் பெயரில், அவர் போன் நம்பரில் திறங்கள். உங்கள் நம்பரில் திறந்தால் நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அவர் வெளியே நிற்பார். பாஸ்வேர்டை அவர் நோட்டில் அவர் கையாலேயே எழுதி வைக்கட்டும். விண்டோஸ் 11 பல பெட்டிகளில் டிஸ்க்கைத் தானாகவே பூட்டிவைக்கிறது. ஒருநாள் அது சாவி கேட்டால் அந்தக் கணக்கு இல்லாமல் திறக்க முடியாது. எழுத்தளவையும் மவுஸ் அம்பையும் பெரிதாக்குங்கள். எழுதுவதெல்லாம் கூகுள் டிரைவிலும் போய்ச் சேரும்படி வையுங்கள். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியில் அவர் எழுதப்போவது ஒரு மூலைக்குக்கூட வராது. பெட்டிக்கு என்ன ஆனாலும் பல வருஷ நோட்டுகள் தொலையக் கூடாது.

முதல் நாள் எதையும் பாடமாக நடத்தாதீர்கள். மகனைக் கூப்பிட்டுப் பேசட்டும், அது போதும். மறுநாள் தமிழ்99 அட்டையைப் பக்கத்தில் வைத்து அவருடைய பெயரைத் தட்டச் சொல்லுங்கள். அப்புறம் நோட்டு. வடகரைத் தலங்கள் 63 என்றால் தில்லையிலிருந்து வரிசைப்படி தொடங்க நினைப்பார். வேண்டாம். திருவையாறு அந்த வரிசையில் 51ஆவது. சொந்த ஊர், தினமும் போகிற கோயில், நோட்டைப் பார்க்காமலே சொல்லத் தெரிந்த விஷயம். கண் விசைகளை மட்டும் தேடினால் போதும். அங்கிருந்து தொடங்கட்டும்.